மக்கர் பண்ணாத விண்டோஸ்

"நம்ம பொண்ணு கெல்சி ஐஸ் ஹாக்கி ஆடுன புது வீடியோவை வைக்கவே கம்ப்யூட்டர்ல இடமில்லை. அவ காலேஜுக்குப் போறப்போ விண்டோஸுக்குப் பக்கத்துல போட்டுட்டுப் போன லினக்ஸ்ங்கிற இன்னொரு சிஸ்டம் பாதி டிஸ்க்கைத் தின்னுட்டுக் கிடக்கு. அதைத் தூக்கிடு க்ளென்," என்றாள் லொரெய்ன்.

"அவளை ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே?"

"எதுக்கு? அந்தக் கண்றாவியை நான் தொட்டதே இல்லை. என் விண்டோஸ் மூணு வருஷமா ஒரு தடவை மக்கர் பண்ணியிருக்குமா?"

க்ளென், டிஸ்க்கைப் பிரித்துக் காட்டும் பென்டிரைவைச் செருகி, அதிலிருந்தே கம்ப்யூட்டரை ஆன் செய்து பார்த்தான். "அடேயப்பா, லினக்ஸ் இருக்குற பாதி நிரம்பி வழியுது!"

"நான்தான் சொன்னேனே. அழி!"

அழித்தான். மறுபடி ஆன் செய்ததும் விண்டோஸ் வந்தது. ஆனால் லொரெய்னுக்கு அது பழகாத முகமாக இருந்தது. ஒரு வீடியோகூட இல்லை. பதறிப்போய் மகளுக்குப் போன் போட்டாள்.

"ஐயோ அம்மா! விண்டோஸ் தொங்குதுன்னு தினமும் புலம்புனே. லினக்ஸ்னு சொன்னா தொடமாட்டேன்னு அடம் பிடிச்சே. அதான் லினக்ஸுக்கு விண்டோஸ் வேஷம் போட்டு, ஆன் பண்ணினா நேரா அதுவே வர்ற மாதிரி வச்சேன். இத்தனை நாளா நீ ஓட்டுனது லினக்ஸைத்தான்!"

லொரெய்ன் திரையில் மறுபடி வீடியோக்களைத் தேடினாள்.

"அம்மா... நான் போட்ட முதல் கோல்? அதுவும் அதுலதானே இருந்துச்சு?"

அன்று மைதானக் குளிரில் கை விறைக்க நின்று படம் பிடித்தவளுக்கு, 'ஆமாம்' என்று சொல்ல வாய் வரவில்லை.