பிளம் மரத்தடியில்

மகள் காய்ச்சலில் இறந்த மறுநாளே மவுனப்பட நடிகை ஒனுமா தமாயே படப்பிடிப்புக்குப் போனாள். பிளம் மரத்தடியில் தனியாக நின்று அழும் காட்சி. அதன்பிறகு அவள் நடிக்கவில்லை.

ஒவ்வொரு வசந்தத்திலும் அந்தப் படம் அசகுசா கொட்டகைக்கு வரும். தமாயே தவறாமல் போவாள். திரையில் மரத்துக்குப் பின்னால் ஒரு குழந்தை நிற்கும். ஆண்டுக்கு ஆண்டு அது வளர்ந்துகொண்டே வந்தது.

இந்த வருடம் படம் முடிந்ததும், திரையோரம் நின்று படத்தில் வரும் எல்லோருக்குமாகக் குரல் கொடுத்துக் கதை சொல்லும் குரோகி அவளிடம் வந்தார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. இப்ப ரெண்டு பொம்பளைங்களும் ஒரே உசரமா இருக்காங்க. யாருக்கு உங்க குரலைக் கொடுக்கிறதுன்னு தெரியல. இதுல நீங்க யாரு?"

"அழறது நான்," என்றாள் தமாயே. "அவ என் கண்ணைத் தொடைச்சிட்டிருக்கா."