குறுக்கே ஓடுகிற குட்டி

பனையின் உச்சி வட்டில் விடியல் வெளிச்சம் ஏறுகிறது. ஞாயிறன்று மரதன் ஓட்டப் போட்டி. இன்று கொடிகாமம் வரை ஓடித் திரும்பாவிட்டால் மூச்சுப் பழகாது. வினாசித்தம்பி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலிப் படலையைத் திறக்கிறான். அவன் வளர்க்கும் பூனைக்குட்டி மூன்றாம் முறையும் குறுக்கே ஓடுகிறது. பூனை குறுக்கே வந்தால் திரும்பிப் போய்க் குந்தி இருந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் புறப்படவேண்டும். முற்றத்தில் போய் இருக்கிறான். செம்பில் தண்ணீரும் முடிந்துவிட்டது. குட்டி மடியில் ஏறிச் சுருள்கிறது. அயலார் என்றால் புத்தி சொல்ல மட்டும்தான் வரும். வேலியில் விழுந்த ஓட்டைப் பொட்டுக்குள்ளால் அடுத்த வீட்டு அன்னப்பிள்ளை எட்டிப் பார்க்கிறாள். "உந்தச் சனியனைச் சந்தையடியிலை விட்டிட்டு வா, தம்பி. உது நிண்டால் நீ எங்கை வெல்லுறது?" "வெண்டு வந்து ஆருக்கக்கா காட்டுறது? நான் வெளிக்கிடேக்கை குறுக்கை வர உது ஒண்டுதான் இருக்கு." குட்டி நித்திரையாகிவிட்டது. வெயில் படலையைத் தாண்டி உள்ளே வருகிறது. வினாசித்தம்பி கால்களை அசைக்காமல் இருக்கிறான்.