டம்ளர் உடைந்த சத்தம்

புகுந்த வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே மருமகள் கண்ணாடி டம்ளரைக் கீழே போட்டு உடைத்துவிட்டாள்.

"கை நழுவிடுச்சுன்னு சத்தமா சொல்லும்மா!" அடுப்படியிலிருந்து மாமியார் கத்தினாள்.

மருமகளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஒரு டம்ளருக்கா இப்படி ஊரைக் கூட்டுவார்கள்? வீம்புக்கு வாயைத் திறக்கவில்லை.

"கை நழுவிடுச்சுங்க! வேற ஒண்ணுமில்ல!" மாமியாரே கூவிக்கொண்டு படுக்கையறைக்கு ஓடினாள்.

மருமகள் பின்னாலேயே போய் எட்டிப்பார்த்தாள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஆறடி உயர மாமனார், கட்டிலுக்கடியில் காதைப் பொத்திக்கொண்டு சுருண்டு கிடந்தார்.

"இவரோட அப்பா முதல்ல எதையாவது உடைப்பாராம். அப்புறம்தான் இவங்கம்மாவுக்கு அடி விழுமாம்" என்றாள் மாமியார், தாழ்ந்த குரலில்.

மருமகள் மெல்லத் தரையில் மண்டியிட்டாள்.

"நான்தான் மாமா... கை நழுவிடுச்சு."