கார் ஓட்டுபவனின் பங்கு

சொனோமா ஒயின் தோட்டத்தில் இரண்டு பாட்டில் வாங்கிக்கொண்டு நண்பர்கள் டுவைட், லோர்னா, கேரட் மூவரும் கடற்கரைக்கு வந்தார்கள். அன்று கார் ஓட்டும் முறை டுவைட்டுடையது. அவன் ஒயினைத் தொடக் கூடாது.

ஒரு பாட்டில் காலியானதுமே லோர்னா தள்ளாடினாள்.

"டேய் டுவைட், நீ சுடுற கறி செருப்புத் தோல் மாதிரிடா! போதையில உளறுறேன், மனசுல வச்சுக்காத."

"உன் தூண்டிலை ஒடிச்சது நான்தான் மச்சான்," என்று கேரட் மணலில் உருண்டு விசும்பினான். "ஒயின் பேசுது, நான் இல்ல!"

பல்லைக் கடித்துக்கொண்டு டுவைட் ஐஸ் பெட்டியைத் திறந்தான். இரண்டு ஒயின் பாட்டில்களும் மூடி திறக்காமல் கிடந்தன.

"அடேய், வண்டி ஓட்டுறவனுக்குன்னு தோட்டத்துல சும்மா குடுத்த திராட்சை ஜூஸ் பாட்டில் எங்கடா?"

கேரட்டின் விசும்பல் நின்றது. லோர்னா ஆடாமல் நிமிர்ந்து நின்றாள்.

"இப்போ சொல்லு லோர்னா, என் கறி எப்படி?"

"முதல்ல அந்த ஒயினைத் திறடா. குடிச்சிட்டுச் சொல்றேன்."