ஊமையன் கூறு

வாழை இலைகளில் கிடாக்கறி கூறு கூறாக விழுந்துகொண்டிருந்தது. நான் இலைகளை எண்ணிக்கொண்டே நின்றேன்.

கறிக்காக இல்லை. கருப்பனார் பண்டிகைக் கறியில் கூறு விழுந்தால்தான் இந்த மலையில் ஊர்க்காரன். இல்லையென்றால், மாங்கு மாங்கென்று மரவள்ளி நட்டாலும் விருந்தாளிதான்.

நான் கீழே முள்ளுக்குறிச்சிக்காரன். வேறு சாதி. சங்கீதாவைக் கூட்டிக்கொண்டு ஓடித் தாலி கட்டியவன். போன பண்டிகையில் எனக்குக் கூறு இல்லை.

கறி பிரிப்பவர் அப்பாசாமி. என் மாமனார். கல்யாணமானதிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

வீட்டுக்கு ஒரு கூறு. கடைசியாக ஒன்று ஊமையனுக்கு.

ஊமையன் ஆள் இல்லை, மாமனாரின் நாட்டுத் துப்பாக்கி! அந்தக் காலப் பன்றி வேட்டையில் துப்பாக்கிக்கும் பங்கு உண்டாம். எனக்குக் குறைச்சல், அவனுக்கு அதிகம் என்று ஊரே கத்தும்போது, பங்கு வாங்கியும் சண்டை போடாத ஒரே ஜீவன் அதுதான். அதனால் ஊமையன். வெடித்தால் மலையே அதிரும் என்பது வேறு விஷயம். சங்கீதா இதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னாள்.

போன வருடம் உரிமம் இல்லாத துப்பாக்கிகளைப் போலீஸ் கேட்டபோது மாமனாரும் தன் ஊமையனை ஒப்படைத்துவிட்டார். கூறை மட்டும் யாரும் நிறுத்தவில்லை. சாமி குற்றத்தை யார் சுமப்பது?

புதிதாக ஒரு கூறு சேர்க்க ஊர் மொத்தமும் சம்மதிக்க வேண்டும். காலையில்தான் ஊர்ப் பெரியவர் காளியண்ணன் என் முகத்துக்கு நேராகவே முடியாது என்று சொல்லியிருந்தார்.

ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டார்கள். என் பெயர் வரவில்லை. சங்கீதா தலையைக் குனிந்துகொண்டாள்.

ஒரே இலை மிச்சம். மாமனார் அதைத் தூக்கினார்.

“ஊமையனுக்கு!”

வழக்கமாக அது அவர் வீட்டுக்குப் போகும். இன்று என்னை நோக்கி விறுவிறுவென்று வந்தார்.

“இது எம்பட ஊமையன் கூறு. யாருக்குக் குடுக்கறதுன்னு ஒருத்தனையும் கேக்க வேண்டியதில்ல. புடிங்க மாப்ள!”

மாப்ள! எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும் போலிருந்தது. இரண்டு கையாலும் வாங்கினேன்.

நாங்கள் ஓடிப்போன அன்று, அதே ஊமையனில் மருந்து கெட்டித்துத் தோளில் மாட்டிக்கொண்டு, மலையை விட்டு இறங்கி, முள்ளுக்குறிச்சியில் வீடு வீடாக அவர் தேடியது என்னைத்தான்.