ஆளுக்கு ஒரு பெட்டி

“போச்சு! இன்னிக்கும் அந்தச் சிவப்புத் தொப்பிக்காரி முந்திட்டா!” என்று பல்லைக் கடித்தார் லெஸ்டர். கிளைட்டின் துப்பாக்கிக் கடை இன்னும் திறக்கவில்லை. அதற்குள் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு வரிசையின் முதல் ஆளாக அவள் நின்றிருந்தாள்.

சட்டைப்பைக்குள் அடங்கும் குட்டித் துப்பாக்கிகளுக்கான குண்டு, ஆர்கன்சா மாநிலத்தில் மருந்துக்குக்கூடக் கிடைக்காத காலம் அது. கொரோனா வந்தாலும் வந்தது, கழிவறைக் காகிதத்தோடு குண்டையும் சேர்த்து ஜனங்கள் வாரிக்கொண்டு போய்விட்டார்கள். ஆளுக்கு ஒரு பெட்டிதான் என்று கிளைட் கண்டிப்பாகச் சொன்னதும், படுத்த படுக்கையாகக் கிடந்த மாமியாரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான் ஒரு மருமகன். சுட்டுப் பழகும் மைதானத்தில் பெரிய மனிதர்களெல்லாம் காலித் துப்பாக்கியை நீட்டிப் பிடித்து, வாயாலேயே “டுமீல்” சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

லெஸ்டரின் கையிருப்பு தீர்ந்த கதை கொஞ்சம் வெட்கக்கேடானது. மனைவி போன பிறகு, நடுவில் சுவர் வைத்து இரண்டாகத் தடுத்த வாடகை வீட்டின் ஒரு பாதியில் மனிதர் தனிக்கட்டை. தொலைக்காட்சியில் திருட்டுச் செய்தியாகப் பார்த்துப் பார்த்து, எலி ஓடினாலும் நெஞ்சு படபடக்கும்.

ஒருநாள் பகல் தூக்கத்திலிருந்து விழித்தவர், மூலையில் ஒரு தடியன் அசையாமல் நிற்பதைப் பார்த்தார். இருந்த குண்டையெல்லாம் அவன்மேல் கொட்டித் தீர்த்த பிறகுதான், அது தன்னுடைய குளிர்காலக் கோட்டு என்று தெரிந்தது. கோட்டைக் குப்பையில் போட்டார், சுவரில் விழுந்த ஓட்டைகளின்மேல் ஒரு நாட்காட்டியை மாட்டினார், விவகாரத்தை மறந்துவிட்டார்.

ஆனால் துப்பாக்கி காலி. காலித் துப்பாக்கியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு எந்த மனிதனுக்குத் தூக்கம் வரும்? லெஸ்டருக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. ஒரே ஒரு பெட்டி கிடைத்தால் போதும், நிம்மதியாகத் தூங்கிவிடுவார்.

சரக்கு லாரி ஓட்டும் பழைய கூட்டாளி டுவைட் அவருக்காகவே துப்புக் கொடுத்துக்கொண்டிருந்தான். எந்த லாரி எந்தக் கடைக்கு என்றைக்கு வருகிறது என்று போனில் சொல்லிவிடுவான். லெஸ்டருக்குக் காது மந்தம் என்பதால், “என்னடா, செவ்வாய்க்கிழமையா? கிளைட் கடைக்கா?” என்று ஊரே அதிர ஒவ்வொன்றையும் திருப்பிக் கேட்டு உறுதி செய்துகொள்வார்.

அப்படியும் ஒவ்வொரு முறையும் அந்தச் சிவப்புத் தொப்பி அவருக்கு முன்னால் நின்றது. பக்கத்து ஊர்க் கடைக்குப் போனால் அங்கேயும் அவளேதான். டுவைட் தன்னிடம் சொல்வதை அவளிடமும் சொல்கிறான், அயோக்கியப் பயல் என்று லெஸ்டர் முடிவுகட்டியிருந்தார்.

கடைக் கதவு திறந்தது. “குட்டித் துப்பாக்கிக்கான முன்னூத்தெண்பது நம்பர் குண்டு ஒரே ஒரு பெட்டிதான் வந்திருக்கு, அடிச்சுக்காதீங்க!” என்று கிளைட் குரல் கொடுத்தான். “இது முனையில குழி வச்ச வகையம்மா. சில குட்டித் துப்பாக்கியில சிக்கிக்கும். உங்களுது எந்த மாடல்?”

“அது... சாம்பல் கலருங்க” என்றாள் அவள்.

“கலரையா கேட்டேன்?”

“எதா இருந்தாலும் பரவாயில்லைங்க, குடுங்க.” பெட்டியை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று வெளியே நடந்தாள்.

லெஸ்டருக்கு வயிறு எரிந்தது. எந்தக் குண்டு தன் துப்பாக்கிக்குச் சேரும் என்றுகூடத் தெரியாதவள் அள்ளிக்கொண்டு போகிறாள், முப்பது வருஷம் துப்பாக்கி பிடித்தவர் வெறுங்கையோடு நிற்கிறார்! மூச்சிரைக்க ஓடிப்போய், காருக்குப் பக்கத்தில் அவளை மறித்தார்.

“ஏம்மா, கொஞ்சம் நில்லு! வீட்டுல புகைபோட்ட பன்னித்தொடை முழுசா ஒண்ணு இருக்கு. மான்கறி வேற ஃப்ரீசர் நிறையக் கிடக்கு. அத்தனையும் எடுத்துக்கோ, அந்தப் பெட்டியை எனக்குக் குடுத்துடு.”

“மன்னிச்சுக்கோங்க சார், தர முடியாது.”

“நீ என்ன பட்டாளமா வச்சு நடத்துறே? டுவைட் பயதானே உனக்குத் தகவல் சொல்றான்? உண்மையைச் சொல்லு!”

“டுவைட்டை நான் கண்ணால பார்த்ததுகூட இல்லைங்க. எல்லாம் நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும்.”

“நானா? உன் மூஞ்சியையே நான் பார்த்ததில்லையே!”

அவள் முகக்கவசத்தைக் கழற்றினாள். நாற்பது வயதிருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம். பல நாளாக அவளும் தூங்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

லெஸ்டரின் கோபம் கொஞ்சம் தணிந்தது. “இத்தனை பெட்டி வாங்கிக் குவிச்சியே, எல்லாத்தையும் எங்கேம்மா சுட்டே?”

“ஒண்ணுகூடச் சுடலைங்க. எல்லாம் என் கட்டிலுக்கு அடியில பத்திரமா இருக்கு. எங்கிட்ட துப்பாக்கியே கிடையாது.”

“துப்பாக்கி இல்லையா? பின்னே எதுக்கும்மா உனக்குக் குண்டு?”

அவள் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடியைப் பாதி இறக்கினாள்.

“உங்க சுவருக்கு அந்தப் பக்கம் படுக்கிறது நான்தான், சார்.”