மூன்று புளியங்கொட்டைகள்

கூட்ஸ் வண்டி கார்டு சென்னியப்பன் ஒரு நாள் சூரமங்கலம் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருப்பார், மறுநாள் இருக்கமாட்டார். வாயில் எப்போதும் வறுத்த புளியங்கொட்டை ஒன்று ஊறிக்கொண்டிருக்கும். 1974இல் ஏதோ பத்திரிகையில் படித்த விளையாட்டை, சமையலறைத் தரையில் ஆணியால் கட்டம் கீறி, மனைவி பாவாயிக்குக் காட்டினார். காலிக் கட்டத்தைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் மூன்று கொட்டைகள் இருந்தால் அங்கே புதிதாக ஒன்று பிறக்கும். துணைக்கு ஒன்று மட்டுமே உள்ள கொட்டை செத்துப்போகும். அதனால் மூன்றை வரிசையாக வைத்தால், படுத்த வரிசை நிற்கும், நின்றது மறுபடி படுக்கும்.

"உங்களாட்டவே வாரதும் போறதுமா இருக்குதுங்க," என்றாள் பாவாயி. "எங்கயும் போகாம இருக்கறது இல்லீங்களா?"

அவர் மூன்றையும் மூலைமட்டம்போல, 'ட' வடிவில் வைத்தார். "இப்படி வெச்சா மூலையில நாலாவது பொறந்துரும் புள்ள. அப்பறம் அசையாது."

1978இல் மஞ்சள்காமாலையில் இறந்துபோனார். காரியம் முடிந்த மறுநாள், அவர் கடைசியாகத் தரையில் படுக்கையாக வைத்துவிட்டுப் போன வரிசை தானாக நின்றிருந்தது. அடுத்த நாள் படுத்தது. வரிசை நின்ற நாட்களில் பாவாயி இரண்டு பேருக்கு உலை வைத்தாள்.

எட்டாம் மாதம் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிக் காகிதம் வந்தது. கடைசி நாள் காலையில் ஒரு கொட்டையை நகர்த்தி மூலைமட்டமாக்கிவிட்டு, சாமான் ஏற்ற வண்டி பிடிக்கப் போனாள்.

திரும்பி வந்தபோது நான்கு இருந்தன. நாலாவது, எச்சில் ஈரமாக இருந்தது.

"போலாங்களா?" என்று வண்டிக்காரர் வாசலிலிருந்து இரண்டாம் முறை கேட்டார்.